நெஞ்சில் நிற்கும் பாட்டு
(கீர்த்தனப் புலவர் நால்வரைப்பற்றிய ஓர் ஆராய்ச்சி)

திருச்சிற்றம்பலம்

தமிழ்ப் புலவர் பலர் பல்லாயிரம் செய்யுள் யாத்தனர். அவற்றுட் பல ஏட்டில் நின்றன. சில நாவில் நின்றன. மிகச் சிலவே நெஞ்சில் நின்றன. ஏட்டில் நிற்றற்கு எழுதுவான் ஒருவன் போதும். நாவில் நிற்றற்குப் பயிற்சி போதும். நெஞ்சில் நிற்றற்கு வேண்டுவது யாது? எழுத்தறியாத உழவன் ஒருவன் இளமையிற் கேட்ட கீர்த்தனம் ஒன்றைத் தன் வாழ்நாள் முழுதும் மறவாது பாடுகின்றான். பல நூல் கற்றேம் என்னும் யாம் நேற்றுப் பாடம் செய்த செய்யுளை இன்று ஏடு புரட்டித் தேடுகின்றேம். இவ்வேறுபாடு எதனான் வந்தது என்பதே ஈண்டு ஆராயப்புகுந்த பொருளாம்.

இதற்கு யான் எடுத்துக்கொண்ட புலவர் நால்வர். அவர், முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதியார் என்போர். முதல் மூவரையும் தமிழிசை மூவர் என உலகம் போற்றும். நால்வரும் தில்லையையும் சீகாழியையும் மாயூரத்தையும் சூழ்ந்த நாட்டில் வாழ்ந்தவர். திருமுறை முழங்கிய திருக்கோயில்களின் நிழலில் வளர்ந்தவர். இவர் பாட்டுக்கள் எனக்குப் பெரிதும் உவப்பானவை. எனினும் அவ்வுவப்பு இளமையில் இருந்ததன்று. பிழையொன்று செய்து பின்னர்ப் பெற்றது. அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

1. பாட்டு உள்ளிறங்கும் நெறி

நம் சித்தாந்த நூல்கள் வாக்கினை நால்வகைப்படுத்துக் கூறும். அவை வைகரி, மத்திமை, பைசந்தி, சூக்குமை என்பன. பிறர் செவிக்கும் தன் செவிக்கும் புலனாய் ஒலிப்பது வைகரி. வெளியே ஒலியாது, எழுத்து முறைமை குலையாது, தன் உள்ளத்தளவில் ஓடுவது மத்திமை. மயின்முட்டையின் நீரில் பலவகை நிறமும் வேறு தோன்றாது அடங்கியிருத்தல்போல, எழுத்தெல்லாம் பிரிவின்றி ஒடுங்கிக் கிடப்பது பைசந்தி. இம்மூன்றற்கும் மூலமாய் அறிவிற்கு ஏதுவாய் நிற்பது சூக்குமை. ஒருவன் சொல்லுங்கால் வாக்கு உள்ளிருந்து புறம் நோக்கி வரும். கேட்பவனிடத்தோ அது புறத்திருந்து உள் நோக்கிச் செல்லும்.

இக்கருத்தை வைத்துக்கொண்டு நோக்குவார்க்கு நம் வினாவின் விடை பாதி விளங்கும். யாம் மனப்பாடம் செய்யும் செய்யுட்களுட் பெரும்பாலன மத்திமையளவில் நின்றுவிடுகின்றன. முதற்சொல் நினைவு வந்தால் மற்றவை வரும். முதற்சொல் மறந்தால் முழுதும் மறையும். நெஞ்சில் நிற்கும் பாட்டோ பைசந்தி வரை இறங்குகின்றது. ஆண்டுச் சொல்லும் பொருளும் பண்ணும் தாளமும் ஒன்றாய்க் கரைந்து கிடக்கின்றன. அதனை யாம் நினைவிற் கொணர்வதில்லை. வாழ்விலே துன்பமோ இன்பமோ நேர்ந்தபொழுது அது தானே எழுந்து வருகின்றது. இங்ஙனம் அழையாது வரும் பாட்டே நெஞ்சில் நின்ற பாட்டு என்க.

2. திருமுறை காட்டிய வழி

கீர்த்தனப் புலவர் கையாண்ட முறைகள் பல திருமுறையாசிரியர் முன்னரே காட்டியவை. திருஞானசம்பந்த சுவாமிகளின் பதிகவமைப்பை நோக்குக. எட்டாந் திருப்பாட்டில் இராவணனை அடர்த்து அருளியதும், ஒன்பதாவதில் மாலும் அயனும் காணாமையும், பத்தாவதிற் புறச்சமயத்தார் இயல்பும், இறுதித் திருக்கடைக்காப்பிற் பாடினார் பெயரும் ஓதுவார் பெறும் பயனும் பெரும்பாலும் நிலையாக வருவன. ஓதுவான் ஒருவன் எட்டாம் பாட்டினை மறந்தானாயினும், அங்கே வருவது இன்ன பொருள் என்பதை மறவான். பொருள் நின்ற இடத்திற் சொல் விரைந்து வந்து சேரும். இவ்வமைப்பு நினைவிற்கு நாட்டிய தூண் போல்வது.

மணிவாசகப் பெருமான் செய்தது பிறிதொன்று. அம்மானை, பொற்சுண்ணம், தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், பொன்னூசல் என மகளிர் ஆடலும் தொழிலுமாக வழங்கிய வடிவங்களையே திருவாசகத்திற்குக் கலமாகக் கொண்டார். மக்கள் கையும் காலும் முன்னரே அறிந்திருந்த அசைவிலே புதிய பொருளை ஏற்றிவைத்தார். கை அறிந்ததனை நெஞ்சு எளிதில் ஏற்கும்.

பண்ணின் இன்றியமையாமையையும் நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். தில்லையில் ஏடுகள் கிடைத்த பின்னரும், எருக்கத்தம்புலியூர்ப் பாணர் மரபில் வந்த ஓர் அம்மையாரைக் கொண்டே தேவாரப் பதிகங்கட்குப் பண் வகுக்கப்பட்டது எனத் திருமுறைகண்ட புராணம் கூறும். ஏடு கிடைத்தமை மட்டும் அவர்கட்கு அமையவில்லை என்பது இதனாற் பெறப்படும். தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராச சோழன் திருப்பதியம் விண்ணப்பம் செய்தற்குப் பிடாரர் 48 பேரையும், அவர்க்கு உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் சேர்த்து 50 பேரை நியமித்த செய்தி அக்கோயிற் கல்வெட்டில் உள்ளது. பாட்டு ஏட்டில் உறங்காது மக்கள் வாயில் வாழ்தல் வேண்டும் என்று அரசன் ஒருவன் கருதியதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

3. கீர்த்தனத்தின் யாப்பு

கீர்த்தனத்திற்கு உறுப்பு மூன்று. அவை பல்லவி, அனுபல்லவி, சரணம் என்பன. இவற்றை முறையே எடுப்பு, தொடுப்பு, முடிப்பு எனத் தமிழிற் கூறுவர். இம்மூன்றனுள்ளும் பல்லவியே உயிர். சரணந்தோறும் பாடி முடித்தபின் பாடுவான் பல்லவிக்கு மீளுகின்றான். இம்மீட்சி தாளத்தை நிரப்புதற்கு வந்தது எனச் சிலர் எண்ணுவர். அஃது அன்று.

ஓர் எடுத்துக்காட்டு யானே கற்பித்துக் கூறுவேன். 'ஏன் வரவில்லை' என்பது ஒரு பாட்டின் பல்லவி என்று வைத்துக்கொள்க. முதற் சரணத்தில், விளையாடச் சென்ற மகன் மாலையாகியும் மீளாமையால் தாய் வாயிலில் நின்று வருந்துகின்றாள். பல்லவிக்கு மீளுங்கால் 'ஏன் வரவில்லை' என்பது செல்லக் கடிந்துரை. இரண்டாம் சரணத்தில், அம்மகன் வளர்ந்து பொருள்வயிற் பிரிந்து பல்லாண்டு ஆயினான். மீண்டும் 'ஏன் வரவில்லை' என்றால் அது புலம்பல். மூன்றாம் சரணத்தில், அத்தாய் இறுதிப் படுக்கையிற் கிடந்து இறைவனை நோக்குகின்றாள். இப்பொழுது அதே இருசொல் வீடு வேண்டும் உயிரின் வேட்கை. சொல் மாறவில்லை, பொருள் மும்முறை மாறிவிட்டது. கேட்டான் ஒருவன் தன் வாழ்வில் எந்நிலையில் நின்றானோ அந்நிலைக்கு ஏற்ற பொருளில் அப்பல்லவி அவனிடம் வரும். பைசந்தியில் ஒடுங்கிய பாட்டு வேண்டுழி எழுவது இதனாலேயாம்.

ஏனைய உறுப்புக்களும் இதற்குத் துணை செய்வன. முதலெழுத்து ஒன்றிவரும் மோனையும், இரண்டாமெழுத்து ஒன்றிவரும் எதுகையும் இசைப்பாட்டில் அணிக்கென அமைந்தவையல்ல. தாளம் எடுக்கும் இடத்தில் எதுகை வந்து விழும்பொழுது, அடுத்த அடியின் முதற்சொல் இன்ன ஓசையுடையது என்பதைச் செவி முன்னரே அறிந்து காத்திருக்கும். காத்திருந்த செவிக்கு வந்த சொல் நழுவாது. இறுதிச் சரணத்திற் புலவர் தம் முத்திரையை வைத்தலும் திருக்கடைக்காப்பின் வழிவந்த மரபே.

4. முத்துத்தாண்டவர்

தியாகராசர் முதலிய திருவாரூர் மூவர்க்கும் முற்பட்டு, இவ்வுறுப்பு மூன்றும் அமையத் தமிழில் இசைப்பாட்டு இயற்றியவர் சீகாழி முத்துத்தாண்டவர். இவர் வரலாறாகச் செவிவழி வழங்கும் செய்தி யாவரும் அறிந்ததே. நோயால் வருந்திய இவர், ஓரிரவு சீகாழித் திருக்கோயிலினுள்ளே எவரும் அறியாது அடைபட்டுக் கிடந்தனர். அம்மை, கோயிற் குருக்களின் மகள் வடிவில் வந்து அன்னம் அளித்துத் தில்லைக்குச் சென்று பாடுமாறு பணித்தனள். என்ன சொல்லிப் பாடுவது என வினாவினார்க்கு, அன்றன்று சந்நிதியில் அடியார் வாயிலிருந்து முதற்கண் கேட்கும் சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக என அருளினள் என்பர்.

இவ்வரலாற்றை அற்புதம் என்று போற்றுவதோடு அமையாது, இதனுட் கிடக்கும் பாட்டிலக்கணத்தையும் நோக்குதல் வேண்டும். முத்துத்தாண்டவர் பல்லவிக்குச் சொல்லை அகராதியில் தேடவில்லை, நிகண்டில் தேடவில்லை. சந்நிதியில் நின்ற அடியான் ஒருவன் தன் குறையையோ வியப்பையோ தன்னையறியாது வெளியிட்ட சொல்லையே எடுத்துக்கொண்டார். அச்சொல் முன்னரே ஒரு நெஞ்சிலிருந்து வந்தது. ஆதலின் மற்றொரு நெஞ்சிற்குள் புகுதற்கு அதற்கு வழி தெரியும். ஒருநாள் எவரும் ஒன்றும் பேசாதிருக்க, அப்பேச்சின்மையையே பொருளாக்கித் தம் நெஞ்சை நோக்கிப் பாடினார் எனவும் கூறுவர். கேட்கும் செவியுடைய புலவர்க்கு மௌனமும் பல்லவியாகும் என்பதே அதன் கருத்து.

5. மாரிமுத்தாப் பிள்ளை

தில்லைவிடங்கனில் தோன்றிய மாரிமுத்தாப் பிள்ளை (1712–1787) நிந்தாத்துதியில் வல்லவர். கூத்தப்பெருமான் ஒருகால் ஊன்றி ஒருகால் தூக்கி நிற்கும் நிலையைக் கண்டு, இது நேர்ந்தது எதனால் என உரிமையோடு வினாவி, பழித்தல் போலப் புகழும் நெறி இவர்க்குக் கைவந்தது. இந்நெறிக்கும் திருமுறையில் வேர் உண்டு. திருச்சாழலில் ஒருத்தி இறைவன் செயலை இகழ்ந்து வினாவ, மற்றொருத்தி அதன் உண்மைப் பொருளை விளக்கி விடைகூறும் அமைப்பை நினைவுகூர்க.

நிந்தாத்துதி நினைவில் நிற்றற்குக் காரணம் என்னை? எனின், புகழுரை கேட்குங்கால் நெஞ்சு தலையசைத்துவிட்டு உறங்கும். வினா கேட்குங்கால் விழித்துக்கொள்ளும். ஆடும் பெருமானைப் பார்த்து ஏன் என்று கேட்டவுடன், கேட்பவன் உள்ளமும் விடை தேடத் தொடங்குகின்றது. தானே தேடிக் கண்ட விடையை எவனும் மறவான். அன்றியும், வேற்றாரைப் பழிக்க அஞ்சுவோம். உற்றாரைப் பழிக்க அஞ்சோம். அப்பழிப்பிலே அடிமைத்திறத்தினும் மேலாகிய தோழமைநெறி விளங்கித் தோன்றும். நம்பியாரூரர்க்கு உரிய அந்நெறியை இவர் எளிய மக்கள் நாவிலும் வைத்தார்.

6. அருணாசலக் கவிராயர்

தில்லையாடியிற் பிறந்து, தருமபுர ஆதீனத்திற் கல்வி பயின்று, சீகாழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் (1711–1779) சீகாழித் தலபுராணமும் அசோமுகி நாடகமும் இயற்றிய சைவப் புலவர். எனினும் உலகம் இவரை அறிவது முதுமையில் இவர் இயற்றிய இராம நாடகக் கீர்த்தனத்தால். திருமால் அவதாரக் கதையை ஈண்டு எடுப்பது என்னை எனக் கடாவுவார்க்கு, பொருளைக் குறித்தன்று, பாட்டின் திறம் குறித்தே எடுத்தாம் என்க.

கம்பர் காவியம் கற்றார்க்கே உரியதாய் நின்ற காலத்தில், அதனைக் கல்லாரும் பாடும்படி செய்தவர் இவர். அதற்கு இவர் கண்ட வழி, வருணனையைச் சுருக்கி உரையாடலைப் பெருக்கியதாம். ஒவ்வொரு கீர்த்தனமும் ஒருவர் மற்றொருவரை நேரே விளித்துச் சொல்வது. யார், யாரிடம், எந்நிலையிற் பேசுகின்றார் என்பது முதலடியிலேயே விளங்கும். பாடுவான் அப்பாத்திரமாகவே ஆகிவிடுகின்றான். தான் பேசிய பேச்சை அவன் எங்ஙனம் மறப்பான்? இவர் பாட்டுக்குச் சட்டநாதபுரத்தைச் சார்ந்த மாணவர் இருவர் இசை வகுத்தனர் என்பதும் கருதத்தக்கது. சொல்வல்லார் தம் குறையறிந்து பண்வல்லாரைத் துணைக்கொண்டமையாற் பாட்டு நிறைவெய்திற்று.

7. கோபாலகிருஷ்ண பாரதியாரும் மகாவித்துவானும்

நிற்க. மேற்கூறிய திறங்கள் யாவும் ஒருங்கே அமையப் பாடியவர் நரிமணத்திற் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார். இவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனம் தமிழ்நாட்டில் நுழையாத தெரு இல்லை. பிற்காலத்தில் 1935ஆம் ஆண்டு கே. பி. சுந்தராம்பாள் அவர்களும், 1942ஆம் ஆண்டு எம். எம். தண்டபாணி தேசிகர் அவர்களும் நந்தனாராக நடிக்கத் திரைப்படங்களாகவும் அக்கதை வெளிவந்தது.

இந்நூலுக்கு அக்காலத்துப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் (1815–1876) சிறப்புப்பாயிரம் பெற விழைந்து பாரதியார் மாயூரத்திற்குப் பலமுறை வந்தனர். கீர்த்தனங்களில் இலக்கண வழுக்கள் உளவாதலின், பிள்ளையவர்கள் பாயிரம் அளிக்க மனமின்றிக் காலம் தாழ்த்தினர். ஒருநாள் பாரதியார் வந்தபொழுது பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக்கொண்டிருந்தனர். பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனம் ஒன்றைத் தமக்குள்ளே பாடிக்கொண்டிருந்தனர். உள்ளிருந்து கேட்ட பிள்ளையவர்கள் உள்ளம் உருகிக் கண்ணீர் பெருக எழுந்துவந்து, பாயிரத்தைத் தடையின்றி அளித்தனர். இச்செய்தியை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் (1855–1942) எழுதி வைத்துள்ளார்கள். ஐயரவர்கள் இளமையிற் பாரதியாரிடம் இசை பயின்றதும், தம் ஆசிரியராகிய பிள்ளையவர்கட்கு அது விருப்பமின்மையால் விடுத்ததும் 'என் சரித்திர'த்துட் காணலாம்.

இசையில் ஈடுபாடு மிகுதியும் இல்லாத, இலக்கணத்தில் ஒரு வழுவும் பொறாத ஒரு பெரியார் கண்ணீர் வடித்தனர் எனின், அதன் பொருள் யாது? இலக்கணம் வேண்டா என்பதன்று. பிள்ளையவர்கள் அன்றும் வழுவை வழுவென்றே அறிந்திருந்தனர். எழுதிய ஏட்டைக் கண்ணாற் பார்த்தபொழுது வைகரியின் குற்றம் தோன்றிற்று. கண்மூடிக் கேட்டபொழுது அதன் உள்ளே கிடந்த பத்தி தோன்றிற்று. இரண்டும் உண்மை. பெரியார் ஆதலின் இரண்டாவதற்குத் தலைவணங்கினர்.

8. ஒரு தடை

ஈண்டுச் சைவ அன்பர் எழுப்பும் தடை ஒன்றுளது. அது புறக்கணிக்கத் தக்கதன்று. பாரதியார் பாடிய கதை சேக்கிழார் பெருமான் பாடியதன்று. பெரியபுராணத்துள் திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்து, திருக்கோயிற் பேரிகைகட்குத் தோலும் வாரும், யாழ் வீணைகட்கு நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் அளித்துத் தொண்டு செய்தவர். திருப்புன்கூரில் அவர் காணும்பொருட்டு நந்தி விலகிற்று. தில்லை காணும் வேட்கை மீதூர, தம் பிறப்பினை நினைந்து தயங்கி, 'நாளைப் போவேன்' என்று நாட்கழித்தனர். அங்கே அவரைத் தடுத்த ஆண்டை எவரும் இலர். பாரதியாரோ வேதியர் ஒருவரை ஆண்டையாகப் படைத்து, வயல்வேலை முடித்தன்றிச் செல்லலாகாது என அவர் தடுத்ததாகவும், அவ்வேலை ஓரிரவில் இறைவனருளால் முடிந்ததாகவும், அதுகண்ட வேதியர் நந்தனாரை வணங்கியதாகவும் பாடினர்.

இன்று பொதுமக்கள் பலர் அறிந்த கதை பாரதியார் கதையே. நெஞ்சில் நிற்கும் ஆற்றல் மிக்க பாட்டு, மூலநூலையே மறைத்துவிட்டது. ஆதலின் பாட்டின் ஆற்றலைப் புகழ்வார் அதன் பொறுப்பையும் எண்ணுதல் வேண்டும். மத்திமையளவில் நிற்கும் செய்யுளை அறிவு ஆராய்ந்துகொண்டே இருக்கும். பைசந்தியில் இறங்கிய பாட்டை அறிவு ஆராய்வதில்லை. அது தன் உயிர்க்குணம்போல ஆகிவிடும். பொய் அங்ஙனம் இறங்கிவிட்டால் எடுத்தல் அரிது.

இத்தடை வலியுடையது என்றே யானும் நெடுங்காலம் கருதியிருந்தேன்.

9. யான் கற்ற பாடம்

ஏறக்குறைய நாற்பதாண்டுகட்கு முன், காவிரி பாயும் நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் புரட்டாசி உரோகிணியில் திருநாளைப்போவார் குருபூசை நிகழ்ந்தது. சொற்பொழிவுக்கு என்னை அழைத்திருந்தனர். யான் பெரியபுராணப் பாட்டுக்களைப் பதம் பிரித்து, இலக்கணக் குறிப்புக் காட்டி, நெடுநேரம் பேசினேன். கேட்டோர் மரியாதையோடு கேட்டனர். சொற்பொழிவு முடிந்தபின், மண்டபத்தின் கடைசித் தூணருகே இருந்த முதியவர் ஒருவர், கூலிக்கு உழும் தொழிலினர், யாரும் கேளாமலே நந்தனார் கீர்த்தனம் ஒன்றைப் பாடத் தொடங்கினார். சொற்கள் சில சிதைந்திருந்தன, தாளம் தவறவில்லை. சற்றுமுன் கலைய இருந்த கூட்டம் மீண்டும் அமர்ந்தது.

எனக்கு அது பொறுக்கவில்லை என்பதை இன்று மறையாது கூறுகின்றேன். அவர் முடித்தவுடன், "பெரியவரே, பாட்டு நன்றாக இருக்கிறது. ஆனால் சேக்கிழார் அப்படிச் சொல்லவில்லை. நாயனாரைத் தடுக்க ஆண்டை என்று ஒருவர் கிடையாது" என்றேன். அவர் சினங்கொள்ளவில்லை. சிறிது நேரம் என்னைப் பார்த்திருந்து, "ஆண்டெ இல்லாமலாங்க ஐயா ஒருத்தன் நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டே கெடப்பான்?" என்றார்.

எனக்கு விடை தோன்றவில்லை. அன்றிரவு விளக்கருகே திருநாளைப்போவார் புராணத்தை மீண்டும் முதலிலிருந்து படித்தேன். நாயனார் திருப்புன்கூரிலும் வாயிற்புறம் நின்றே தொழ விழைந்தனர். தில்லை எல்லையை அடைந்தும் வேள்விப்புகை கண்டு உட்புகாது, இரவும் பகலும் புறத்தே வலம்வந்தனர். அவரைத் தடுத்தவர் பெயரைச் சேக்கிழார் பெருமான் கூறவில்லை. தடை இருந்தது என்பதைக் கூறாமலும் விடவில்லை. புராணத்துள் உள்ளத்தினுள்ளே நின்ற தடையைப் பாரதியார் வெளியே ஓர் ஆளாக நிறுத்திக் காட்டினர். இசைப்பாட்டு இருவர் உரையாடலால் வளர்வது. உரையாடற்கு எதிர்நிற்பான் ஒருவன் வேண்டும். எழுத்தறியாத அம்முதியவர் 'நாளை' என்னும் ஒரு சொல்லிற் கேட்டதனை, பதம் பிரித்த யான் கேட்டிலேன்.

இதனாற் பாரதியார் கதையே புராணம் என்று யான் கூறவந்தேனல்லேன். புராணம் புராணமே. ஆனால் மெய்யை மாற்றிய பாட்டும், மெய்யை விளக்கப் பிறிதொன்றைப் படைத்த பாட்டும் ஒன்றல்ல. தொண்டரைத் தடுத்த ஆண்டையே இறுதியில் தொண்டர் அடியில் வீழ்வதாகப் பாடிய பாட்டு, இறைவன் திருமுன் உயர்வு தாழ்வு பிறப்பால் வருவதன்று என்னும் திருத்தொண்டர் நெறிக்கு மாறாகுமா? ஆகாது. நெஞ்சில் இறங்கும் பாட்டை ஆராயுங்கால், அது எந்நூலினின்றும் விலகிற்று என்பதோடு, எதனை நோக்கிச் சென்றது என்பதனையும் ஆராய்தல் முறை.

10. முடிவுரை

மறுவாண்டு அம்முதியவர் பாட்டைக் கேட்கவேண்டும் என்றே அவ்வூர் சென்றேன். அவர் இறைவனடி சேர்ந்துவிட்டார் என்றனர். அவர் பேரன், பன்னிரண்டு வயதுச் சிறுவன், அழைத்து வரப்பட்டான். பாட்டனார் பாட்டுத் தெரியுமா என வினாவினேன். பல்லவியை முழுதும் பாடினான். சரணங்களின் மெட்டு அவனுக்கு நன்கு தெரிந்திருந்தது. சொற்கள் இடையிடையே இல்லை. அச்சிட்ட புத்தகம் என்னிடம் இருந்தது. மெட்டு எனக்குத் தெரியாது. அவனும் யானும் கோயில் வாயில் திண்ணையில் அமர்ந்தோம். யான் சொல்லைப் படித்தேன். அவன் அதைப் பண்ணிற் பொருத்தினான். பொழுது சாய்வதற்குள் அப்பாட்டு இருவர்க்கும் முழுதாயிற்று.

இதுவே யான் சைவ அன்பர்கட்கும் மடங்களின் தலைவர்கட்கும் பணிந்து கூற விரும்புவது. நம்மிடம் சொல் இருக்கின்றது, பதிப்புக்கள் இருக்கின்றன, உரைகள் இருக்கின்றன. பண் பெரும்பாலும் எழுத்தறியாதார் நாவிலும், முதிய ஓதுவார் சிலர் நாவிலுமே இருந்து வந்தது. அந்நாவுகள் ஒவ்வொன்றாய் ஓய்கின்றன. திருமுறைப் பாடசாலைகளில் தேவாரப் பண்முறையோடு முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை கீர்த்தனங்களையும் மாணவர்க்குப் பயிற்றுதல் வேண்டும். திருநாளைப்போவார் குருபூசையிற் புராணம் படித்துப் பொருள் கூறியபின், நந்தனார் கீர்த்தனத்தையும் பாடச்செய்து, இரண்டும் எங்கே ஒன்றுகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதை மக்கட்கு விளக்குதல் வேண்டும். கடைசித் தூணருகே யாரேனும் பாடத் தொடங்கினால், திருத்துமுன் கேட்டல் வேண்டும்.

வழக்குச் சொல்லை முதலாகக் கொள்ளுதல், வினாவால் உள்ளத்தை விழிப்பித்தல், ஒருவரை நேர்நின்று விளித்தல், மீண்டும் மீண்டும் வரும் பல்லவியிற் பொருள் வளர்த்தல் என்பன பாட்டை நெஞ்சில் நிறுத்தும் வழிகள் என மேலே கண்டாம். இவை யாவும் அமைந்தும், பாடியவன் நெஞ்சில் முதலில் நில்லாத பாட்டுக் கேட்பவன் நெஞ்சில் நில்லாது. மகாவித்துவானை அழுவித்தது திண்ணையில் இருந்தவர் தமக்குத்தாமே பாடிக்கொண்ட பாட்டு என்பதை மறவாதிருப்போமாக.

திருச்சிற்றம்பலம்